கறுவாப் பணிசும் காலைக் குளிசையும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் எம்மிடம் கேட்டது நீரிழிவு பற்றிய ஒரு மருத்துவ உரை. எமது வகுப்பிலிருந்து மருத்துவத் துறைக்குப் போன சிலர் சேர்ந்து இதைத் தயாரித்தோம். நோயைப் பற்றி மட்டும் பேசினால் தேநீர் இடைவேளைக்கு முன்னரே பாதிப் பேர் எழுந்துவிடுவீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அதனால் ஒரு தின்பண்டத்தை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறோம். ஈஸ்ட் போட்டுக் குழைத்த மாவுக்குள் கறுவாவும் சீனியும் பரவி, பாய் போலச் சுருட்டி, தட்டில் சுட்டு, நீளத் துண்டுகளாக வெட்டி எடுக்கும் கறுவாப் பணிஸ். இன்று உங்களில் பலர் ஒஸ்லோவிலும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் இதைச் சுடுகிறீர்கள். இங்கே நல்லூரிலும் மானிப்பாயிலும் அவண் வைத்திருக்கும் வீடுகளில் சுடுகிறார்கள். இதை எப்படிச் சுடுவது, ஏன் அப்படிச் சுடுவது, எவ்வளவு சாப்பிடுவது, இதற்குள் இருக்கும் கறுவா எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதுதான் எமது உரை.

முதலில் சொற்களைப் பார்ப்போம். பாண் என்பது போர்த்துக்கீசர் தந்த சொல். விசுக்கோத்தும் அப்படியே. பேக்கரியில் பாண் சுடும் போறணையும் அப்படியே. அந்தப் பாணை வைத்துச் சாப்பிடும் எங்கள் குசினியும் அவர்களிடமிருந்து வந்ததுதான். 1619இல் யாழ்ப்பாண இராச்சியம் அவர்கள் கையில் விழுந்தது. 1658இல் ஒல்லாந்தர் வந்தார்கள். ஆட்சி போன பின்னரும் சொற்கள் எங்கள் வீடுகளுக்குள் தங்கிவிட்டன. பணிஸ் மட்டும் ஆங்கிலேயர் காலத்துச் சொல்.

கறுவா எங்கள் மண்ணில் விளையும் பொருள் அல்ல. அது தெற்கிலும் மேற்கிலும் மழை அதிகம் பெறும் நிலத்தின் மரம். அதன் பட்டைக்காகவே போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் இந்தத் தீவில் மாறி மாறிச் சண்டையிட்டார்கள். காட்டில் உரித்துக்கொண்டிருந்த கறுவாவைப் பதினெட்டாம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் தோட்டமாக நட்டார்கள். கொழும்பில் கறுவாத்தோட்டம் என்று ஒரு பகுதியே இருப்பது உங்களுக்குத் தெரியும். கோதுமையும் எங்கள் மண்ணில் விளைவதில்லை. அதை எங்கள் பாட்டிமார் அமெரிக்கன் மா என்றே சொன்னார்கள். இன்றும் இலங்கை முழுவதற்கும் தேவையான கோதுமை கப்பலில்தான் வருகிறது.

அப்படியானால் இந்தப் பணிசில் எங்களுடையது என்ன? புளிக்கவைக்கும் அறிவு எங்களுடையது. அப்பத்துக்கு மா கரைக்கும்போது கொஞ்சம் கள்ளு விட்டு இரவு மூடிவைக்க வேண்டும் என்பதை யாழ்ப்பாணத்தில் எந்த அம்மம்மாவும் புத்தகத்தில் படித்து அறியவில்லை. கள்ளில் இருப்பது ஈஸ்ட். எங்கள் உயிரியல் பாடநூலில் அதற்கு மதுவம் என்று பெயர் எழுதிப் பாடமாக்கினோம். அது ஓர் உயிர். சீனியைத் தின்று காபனீரொட்சைட்டையும் மதுசாரத்தையும் வெளிவிடுகிறது. அந்த வாயு மாவுக்குள் அகப்பட்டு அதை உயர்த்துகிறது. கடையில் வாங்கும் ஈஸ்ட் பொட்டலமும் பனையிலிருந்து இறக்கிய கள்ளும் மாவுக்குள் செய்வது ஒரே வேலைதான்.

இந்த அறிவு எங்களுக்கு ஒரு காலத்தில் மிகவும் தேவைப்பட்டது. 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபோது எங்கள் வகுப்பினர் ஆறாம் ஆண்டில் இருந்தோம். மின்சாரம் நின்றது. எரிபொருள் உட்பட எத்தனையோ பொருட்களுக்குத் தடை வந்தது. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். சங்கக்கடையில் நிவாரணத்துக்கு வரிசையில் நின்றோம். விறகுப் போறணை வைத்திருந்த பேக்கரிகள் மா கிடைத்த நாட்களில் பாண் சுட்டன. கிடைக்காத நாட்களில் கதவு பூட்டியிருந்தது. அந்த நாட்களிலும் பிறந்தநாள்கள் வந்தன. ரவையில் கேக் செய்தார்கள். அவண் இல்லாத வீட்டில் பெரிய சட்டிக்குள் மணல் பரப்பி, அதன்மேல் தட்டை வைத்து, மூடியின் மேலே சிரட்டைத் தணல் போட்டுச் சுட்டார்கள். ஈஸ்ட் பொட்டலம் கிடைக்காதபோது கள்ளு விட்டு மா குழைத்துப் பணிஸ் செய்த அம்மாமார் எங்கள் ஊர்களில் இருந்தார்கள். 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்தபோது அந்தச் சட்டிகளில் பல வீடுகளிலேயே கிடந்தன. போன இடத்தில் யாரோ ஒருவருடைய முற்றத்தில் மூன்று கல் வைத்து மறுபடியும் தொடங்கினார்கள்.

2022இல் எரிவாயுவுக்குத் தட்டுப்பாடு வந்து, பாணின் விலை சில மாதங்களில் இரண்டு மடங்கான போது, கொழும்பிலிருந்த எங்கள் சிநேகிதிகள் யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டது அந்த மணற்சட்டி முறையைத்தான். சொல்லிக்கொடுக்க அம்மாமார் இருந்தார்கள்.

இனிக் கறுவா பணிசுக்குள் போன கதை. அது வட ஐரோப்பாவில் நடந்தது. சுவீடன்காரர் 1999 முதல் ஒக்ரோபர் 4ஆம் நாளைக் கறுவாப் பணிசுக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். நோர்வேயிலும் டென்மார்க்கிலும் கோப்பியோடு அதைச் சாப்பிடாத வீடு அரிது. நோர்வேக்கும் எங்களுக்கும் உள்ள தொடர்பு பழையது. 1956இல் அங்கு போன அன்ரனி ராஜேந்திரம் அவர்களின் முயற்சியால் காரைநகரில் சீநோர் படகுத் தொழிற்சாலை எழுந்தது. 1980களில் எங்கள் அண்ணாமாரும் அக்காமாரும் படிப்பதற்கும் அடைக்கலம் தேடியும் அங்கு போனார்கள். குளிர்நாட்டில் அயல்வீட்டுப் பெண்களிடம் இந்தப் பணிசைக் கற்றார்கள். அவர்கள் மாவுக்குள் ஏலக்காயும் போடுகிறார்கள் என்று கண்டபோது எங்கள் அக்காமாருக்குப் பாதி அந்நியம் போய்விட்டதாம். விடுமுறைக்கு வந்தபோது இங்கே செய்து காட்டினார்கள். இந்தத் தீவிலிருந்து கப்பலேறிய கறுவா முந்நூறு, நானூறு ஆண்டு கழித்துப் பணிசுக்குள் சுருண்டு எங்கள் குசினிக்கு வந்து சேர்ந்தது.

இப்போது செய்முறை. மனையியல் வகுப்பில் போல அளவோடு சொல்கிறோம், எழுதிக்கொள்ளுங்கள்.

கோதுமை மா 500 கிராம். உடனடி ஈஸ்ட் ஒரு பொட்டலம், அதாவது 7 கிராம். சீனி 60 கிராம். உப்பு ஒரு தேக்கரண்டி. பட்டர் அல்லது மாஜரின் 60 கிராம். முட்டை ஒன்று. இளஞ்சூடான பால் 250 மில்லிலீற்றர். விரும்பினால் ஏலக்காய்த் தூள் அரைத் தேக்கரண்டி. உள்ளே பூச பட்டர் 75 கிராம், சீனி 75 கிராம், கறுவாத்தூள் 10 கிராம். அது ஒன்றரை மேசைக்கரண்டி அளவு வரும்.

பாலின் சூடுதான் முதற் கவனம். சுண்டுவிரலை விட்டால் சூடு தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது. 35 முதல் 40 பாகை செல்சியஸ். குழந்தையைக் குளிப்பாட்டும் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 பாகையை நெருங்கினால் ஈஸ்ட் இறந்துவிடும். பிறகு எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் மா உயராது. உப்பை ஈஸ்டின் தலையில் நேரே கொட்டாமல் மாவோடு முதலில் கலந்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் சேர்த்துப் பத்து நிமிடம் நன்றாகக் குழைக்க வேண்டும். தொடக்கத்தில் கையில் ஒட்டும். ஒட்டுகிறதே என்று மேலும் மேலும் மா தூவாதீர்கள், பணிஸ் கல்லாகிவிடும். கோதுமையிலுள்ள புரதம் தண்ணீரோடு சேர்ந்து வலைபோல இழுபட நேரம் எடுக்கும். ஈஸ்ட் விடும் வாயுவைப் பிடித்துவைப்பது அந்த வலைதான். அரிசிமாவில் அது இல்லை. அதனால்தான் அரிசி அப்பம் பணிஸ் போல உயர்வதில்லை. குழைத்த மாவில் சிறு துண்டை எடுத்து விரல்களால் விரித்தால் கிழியாமல் மெல்லிய தோலாக வெளிச்சம் தெரிய வேண்டும். அதுவே பதம்.

ஈரத்துணியால் மூடி வையுங்கள். எங்கள் ஊர் வெயிலில் ஒரு மணித்தியாலத்துக்குள் இரட்டிப்பாகிவிடும். சித்திரை, வைகாசியில் இன்னும் விரைவு. ஒஸ்லோவில் மார்கழியில் இரண்டு மணித்தியாலமும் போதாது. ஆகவே கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், மாவைப் பாருங்கள். விரலால் குத்தினால் பள்ளம் மெதுவாக, முழுதாக நிரம்பாமல் எழும்பினால் ஆயத்தம்.

பிறகு மாவை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் 30 சென்ரிமீற்றர் நீளமும் 25 சென்ரிமீற்றர் அகலமுமாகத் தட்டையாக்குங்கள். பட்டரைப் பூசி, சீனியும் கறுவாவும் கலந்து தூவுங்கள். இங்குதான் பலர் கேட்கும் ஒரு கேள்வி வருகிறது. ஏன் சுருட்ட வேண்டும்? கறுவாத்தூளை மாவிலேயே கலந்து குழைத்தால் என்ன? கறுவாவுக்கு வாசம் தரும் எண்ணெய் ஈஸ்டின் வேலையைத் தடுக்கும். கூடுதலாகப் போட்டுக் குழைத்தால் மா மந்தமாக எழும். அதனால் கறுவாவை இடையில் தனியாக வைத்து, மாவை அதன்போக்கில் உயர விடுவது நல்லது. வெட்டும்போது தெரியும் சுருளின் அழகு அதற்கு மேலதிக பரிசு.

நீளப்பக்கத்திலிருந்து பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி, கையால் மெல்ல அழுத்தித் தட்டையாக்கி, இரண்டையும் ஒரே தட்டில் இடைவெளி விட்டு வையுங்கள். இன்னும் அரை மணித்தியாலம் உயரட்டும். 180 பாகை செல்சியஸில் 25 நிமிடம் சுடுங்கள். அடியைத் தட்டினால் வெறும் பெட்டியைத் தட்டும் சத்தம் வரவேண்டும். ஆறிய பின்னர் ஒவ்வொன்றையும் ஓர் அங்குல அகலத்தில் பன்னிரண்டு துண்டாக வெட்டுங்கள். மொத்தம் 24 துண்டு.

24 என்ற இந்த எண்ணை மறந்துவிட வேண்டாம். மருத்துவர்கள் என்ற வகையில் நாங்கள் வட்டப் பணிசை விட்டு நீளத்துண்டைத் தேர்ந்ததற்குக் காரணமே அதுதான். கடையில் வாங்கும் பெரிய பணிசில் எவ்வளவு சீனி, எவ்வளவு கொழுப்பு என்று உங்களுக்குத் தெரியாது. இதில் தெரியும். உள்ளேயும் வெளியேயுமாகச் சீனி 135 கிராம். 24ஆல் பிரித்தால் ஒரு துண்டில் ஐந்தரைக் கிராம் அளவு; ஒரு தேக்கரண்டியை விடச் சற்றே கூட. மாவிலுள்ளதையும் சேர்த்தால் ஒரு துண்டில் காபோவைதரேற்று ஏறக்குறைய 22 கிராம். நீரிழிவு உள்ள ஒருவர் தன் மாலைத் தேநீரைச் சீனியில்லாமல் குடித்து, வழக்கமாகக் கடிக்கும் விசுக்கோத்துகளுக்குப் பதிலாக இதில் ஒரு துண்டைச் சாப்பிடலாம். அவற்றோடு சேர்த்து அல்ல, அவற்றுக்குப் பதிலாக. இரண்டாவது துண்டு அயல்வீட்டுக்கு.

இதை ஏன் இவ்வளவு விளக்கமாகச் சொல்கிறோம்? இலங்கையில் 2005, 2006ஆம் ஆண்டுகளில் நடந்த பெரிய கணக்கெடுப்பு, இருபது வயதுக்கு மேற்பட்டோரில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு என்றது. போர் காரணமாக வடக்கும் கிழக்கும் அதில் சேர்க்கப்படவில்லை. நாங்கள் கணக்கிலேயே இருக்கவில்லை. பின்னர் 2018, 2019இல் நாடு முழுவதும் நடந்த ஆய்வு, ஐந்தில் ஒருவருக்கு மேல் என்றது. இந்த மண்டபத்தில் எத்தனை வரிசை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

எங்கள் கிளினிக்குகளில் சலரோகத்துக்கு வரும் அம்மாமாரில் பலர் தனியாக இருப்பவர்கள். பிள்ளைகள் வெளிநாட்டில். ஆறு அறை வீட்டில் ஓர் அறையில் மட்டும் விளக்கு எரியும். ஒருவருக்காக உலை வைக்க மனமில்லாமல் இரவுக்குப் பாணும் சம்பலும், அல்லது பாணும் இனிப்புத் தேநீரும். பிள்ளைகள் பாசத்தோடு பார்சல் அனுப்புகிறார்கள். அந்தப் பார்சலில் இப்போது புதிதாக ஒன்று வருகிறது. கறுவாத்தூள் அடைத்த கூட்டுக் குளிசை. போத்தலில் சீனி வருத்தத்துக்கு இயற்கை உதவி என்ற பொருளில் ஏதோ எழுதியிருக்கும்.

ஓர் அம்மாவின் கதையைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம், இப்படி ஒருவர் அல்ல, பலர் வந்திருக்கிறார்கள். கால் பெருவிரலில் புண். செருப்புக் கடித்ததாம். வலி தெரியவில்லை, நரம்பு மரத்துப் போயிருந்தது. இரத்தத்தில் சீனி 400ஐத் தாண்டியிருந்தது. குளிசை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்டோம்.

"கிளினிக் குளிசையை விட்டு நாலு மாசம் பிள்ளை. மகள் கறுவாக் குளிசை அனுப்பினவள். அது எங்கட நாட்டுச் சாமான்தானே, ஒண்டும் செய்யாது எண்டு சொன்னவள்."

விரலை எடுக்க வேண்டி வந்தது. மகளிடம் தொலைபேசியில் பேசினோம். அவர் அழுதார். "அம்மாவுக்கு நல்லது எண்டுதானே அக்கா அனுப்பினனான்" என்றார். மருந்தை நிறுத்தச் சொல்லி அவர் ஒருபோதும் சொல்லவில்லை. ஆனால் ஒரு போத்தல் வந்தால் மற்றப் போத்தல் பின்னுக்குப் போகும் என்பதை எட்டாயிரம் கிலோமீற்றர் தூரத்திலிருந்து அவர் எப்படிக் காண்பார்?

ஆகவே கறுவாவைப் பற்றி அறிந்ததை நேராகச் சொல்கிறோம். 2003இல் பாகிஸ்தானில் 60 நோயாளரிடம் 40 நாள் நடந்த ஓர் ஆய்வில் கறுவா எடுத்தவர்களுக்கு இரத்தச் சீனி குறைந்ததாக வெளிவந்தது. உலகம் முழுவதும் கறுவாக் குளிசைக்கு ஆசை கிளப்பியது அதுதான். பின்னர் பல நாடுகளில் பரிசோதித்தார்கள். 2012இல் கொக்ரேன் அமைப்பு 577 பேர் பங்குபற்றிய 10 ஆய்வுகளைச் சேர்த்துச் சீர்தூக்கியது. நீரிழிவுக்குக் கறுவாவை மருந்தாகப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்பதே அதன் முடிவு. ஒரு குளிசை மெற்போமின் செய்யும் வேலையைக் கறுவா செய்யும் என்று யாரும் நிறுவவில்லை.

இன்னுமொன்று. பாகிஸ்தான் ஆய்விலும், வெளிநாட்டுக் கடைகளில் விற்கும் பெரும்பாலான தூளிலும் இருப்பது எங்கள் கறுவா அல்ல. அது கசியா எனப்படும் இன்னொரு மரத்தின் பட்டை. அதில் கூமரின் என்ற பொருள் கூடுதலாக உண்டு. அதை நாள்தோறும் அளவு மிஞ்சி எடுத்தால் சிலருக்கு ஈரல் பாதிக்கப்படும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை வைத்த எல்லை, உடல் நிறை ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம். 60 கிலோ உள்ள ஒருவருக்கு 6 மில்லிகிராம். சராசரிக் கசியாத்தூள் இரண்டு கிராமிலேயே அது வந்துவிடும். நாளுக்கு மூன்று, நான்கு கறுவாக் குளிசை போடுபவர் அந்த எல்லையில் நிற்கிறார். பணிசுக்குக்கூட ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டம் உண்டு: மரபான, பண்டிகைக்கால வெதுப்புணவுகளில் கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் கூமரின் இருக்கக்கூடாது, ஏனையவற்றில் 15. டென்மார்க்கில் இது பெரிய விவாதமே ஆனது.

எங்கள் தட்டைக் கணக்குப் பார்ப்போம். 10 கிராம் கறுவா, 24 துண்டு. ஒரு துண்டில் 0.4 கிராம். கசியாவாக இருந்தால் கூமரின் ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேல். பெரியவர் ஒருவருக்கு அதில் பயமில்லை. 15 கிலோ உள்ள சிறு குழந்தைக்கு ஒரு துண்டோடு நிறுத்துவது நல்லது. இலங்கைக் கறுவாவாக இருந்தால் கூமரின் மிகமிகச் சொற்பம். அந்தக் கவலையே வேண்டாம்.

இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? தூளில் கடினம், பட்டையாக வாங்குங்கள். கசியா தடித்த ஒற்றைப் பட்டை, மரத்துண்டு போல உறுதி, கருஞ்சிவப்பு. எங்கள் கறுவா மெல்லிய பல தாள்கள் ஒன்றுக்குள் ஒன்று சுருண்டது. குறுக்கே பார்த்தால் யாழ்ப்பாணச் சுருட்டின் நுனி மாதிரி இருக்கும். விரலால் நொறுக்கலாம். நிறம் இளம்பழுப்பு. 2022 பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக் கறுவா என்ற பெயருக்குப் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு வழங்கியது. இலங்கையிலிருந்து அதைப் பெற்ற முதற்பொருள் அது. ஆகவே பார்சல் அனுப்ப விரும்பினால் திசையை மாற்றுங்கள். அங்கிருந்து இங்கே கறுவாக் குளிசை வேண்டாம். இங்கிருந்து அங்கே நல்ல கறுவாப்பட்டை கொண்டுபோங்கள்.

சகோதரிகளே, சலரோகக்காரருக்கு எல்லாவற்றையும் தடுத்து வைப்பதும் எங்களுக்கு உடன்பாடில்லை. கூடாது, கூடாது என்று சொல்லி வளர்த்த வீட்டில் முதியவர்கள் அலுமாரிக்குள் ஒளித்துவைத்துச் சாப்பிடுவதை நாங்கள் நிறையக் கண்டுவிட்டோம். ஒளித்துச் சாப்பிடும்போது அளவு இராது. மேசையில், நாலு பேர் நடுவில், வெட்டிய ஒரு துண்டைச் சாப்பிடும்போது அளவும் இருக்கும், மகிழ்ச்சியும் இருக்கும்.

அதனால் மூன்று வேண்டுகோள்களை இந்த நூற்றாண்டு மேடையில் வைக்கிறோம்.

ஒன்று, வெளிநாட்டிலிருக்கும் ஒவ்வொருவரும் உங்கள் அம்மா, அப்பா, மாமி, பெரியம்மா எடுக்கும் மருந்துகளின் பெயர்களை எழுதி வையுங்கள். எத்தனை மணிக்கு எது என்று தெரிந்திருங்கள். புதிதாக எதை அனுப்பினாலும் முதலில் அவர்களைப் பார்க்கும் வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இரண்டு, விடுமுறைக்கு வரும்போது கடைப்பெட்டி வாங்கிக்கொண்டு போகாமல், ஒரு பின்னேரம் அம்மாவின் குசினியில் நின்று அவரோடு மா குழையுங்கள். குழைக்கும் பத்து நிமிடத்தில் அவருடைய கைப்பிடியின் பலம் தெரியும். எழும்பி நிற்கும் விதம் தெரியும். காலில் செருப்புக் கடித்திருக்கிறதா என்று தெரியும். கிளினிக்கில் எங்களுக்குக் கிடைக்காத நேரம் அது. மா உயரும் ஒரு மணித்தியாலத்தில் மணற்சட்டியையும் கள்ளு விட்ட பணிசையும் பற்றிக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த அம்மாமாரின் தொகை ஒவ்வொரு ஆண்டும் குறைகிறது.

மூன்றாவது எங்கள் சங்கத்துக்கு. எமக்குக் கற்பித்த ஆசிரியைகளும் மூத்த மாணவிகளும் ஊரூராகத் தனியே இருக்கிறார்கள். ஒவ்வொரு வகுப்பும் மாதத்தில் ஒரு நாளைப் பொறுப்பெடுத்தால், ஒரு தட்டுச் சுட்டு 24 வீட்டுக்குப் போகலாம். வீட்டுக்கு ஒரு துண்டு போதும். போய் இருந்து, சீனி போடாத தேநீரோடு அதைச் சாப்பிட்டு, குளிசைப் பெட்டியை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம். எங்கள் வகுப்பு கொக்குவில், கோண்டாவில் பக்கத்தைத் தொடங்கிவிட்டது. மற்ற ஊர்களுக்கு ஆட்கள் வேண்டும். வெளிவாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம், பெயர் எழுதுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் தங்கள் தாய்மார் இருக்கும் விலாசத்தை எழுதினாலும் போதும். நாங்கள் போய்ப் பார்ப்போம்.

இன்று இரவு அறைக்குத் திரும்பியதும், அம்மா வேறொரு ஊரில் இருந்தால் ஒரு தொலைபேசி எடுங்கள். சாப்பிட்டீர்களா என்று எல்லோரும் கேட்பார்கள். நீங்கள் இன்னுமொன்று கேளுங்கள்: காலைக் குளிசை போட்டீர்களா?

எங்கள் கல்லூரி அன்னைக்கும், நூறாண்டு கண்ட சங்கத்துக்கும் வாழ்த்துக் கூறி அமர்கிறோம்.